கழிமுகத்தின் ரத்தம்

கங்கையும் பிரம்மபுத்திராவும் கடலைச் சேரும் வங்கக் கழிமுகத்தில் ஓ வகை ரத்தம் உள்ளவர்கள் குறைவு, பி வகையினர் மிகுதி. காலராவின் தாய்வீடும் அதே மண்தான். 1817-ல் ஜெசோரில் மூண்டு, பிறகு கண்டங்கள் தாண்டிய வாந்திபேதி அங்கே புதிதாக வந்த விருந்தாளி அல்ல. இவ்விரண்டுக்கும் தொடர்பு இருக்கலாம் என்பதற்கு வலுவான சான்று, வங்கதேசத்தின் மத்லப் பகுதியில் நடந்து 1985-ல் வெளியான ஆய்வு. ஓ வகையினருக்குக் காலரா கூடுதலாகத் தொற்றவில்லை. ஆனால் தொற்றியபோது மற்றவர்களைவிடக் கடுமையாக வாட்டியது. தலைமுறை தலைமுறையாக ஓ வகையினர் சற்றே அதிகமாக மாண்டிருந்தால், அந்த ரத்தம் அங்கே அருகியதில் வியப்பில்லை.

இதை மறுப்பவர்கள் சொல்வதிலும் பொருள் உண்டு. பி வகை கழிமுகத்துக்கு மட்டும் உரியதல்ல. முதல் உலகப் போரின்போது சலோனிகாவில் படைவீரர்களின் ரத்தத்தைச் சோதித்த ஹிர்ஷ்ஃபெல்ட் தம்பதியர் 1919-ல் வெளியிட்ட கணக்கில், இந்திய வீரர்களில் பத்துக்கு நால்வருக்கு மேல் பி வகையினர். வட இந்தியா முழுவதும், மத்திய ஆசியாவிலும் அது பரவிக் கிடக்கிறது. ஆகவே குடிப்பெயர்ச்சியும் இதற்குக் காரணமாக இருக்கலாம். வெறும் விகிதத்தைக் காட்டிக் காலராவின் மேல் பழிபோட முடியாது. ஆனால் நோய் நிலைகொண்ட ஊர்களில் காலரா அதிகம் தாக்குவது சிறு குழந்தைகளை. பிள்ளை பெறும் வயதை எட்டுமுன்பே சாகிறவர்களின் ரத்தவகை அடுத்த தலைமுறைக்குப் போகாது. அதனால்தான் அந்தக் கருதுகோளை நான் தள்ளிவிடுவதில்லை.

தள்ளவேண்டியது வேறொன்று: ரத்தவகையைத் தலைவிதியாக்கும் பேச்சு. பெரு நாட்டின் பூர்வகுடிகள் ஏறத்தாழ எல்லோரும் ஓ வகையினர். அங்கே 1991-ல் காலரா புகுந்து மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பிடித்தது. இறந்தவர்களோ நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. உடலை விட்டு வடியும் நீரையும் உப்பையும் உடனுக்குடன் ஈடுகட்டியதுதான் காரணம். அந்த வழியும் வங்கத்தில் துலங்கியதே. 1971 போரின்போது பொன்காவ் அகதி முகாமில் ஊசிவழி ஏற்றும் திரவம் தீர்ந்துபோக, மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பது வரை இருந்த சாவு நான்குக்கும் கீழே இறங்கியது. அந்தக் கரைசலைக் குடிக்கத் தந்தபோது யாருடைய ரத்தவகையையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.