உல்லம் ஏறிய ஆறு

வங்காளத்தார் இலிஷ் என்றும், பஸ்ரா நகரத்து அரபிகள் ஸுபூர் என்றும் போற்றும் மீனுக்குத் தமிழில் உல்லம் என்று பெயர். கடலில் வளர்ந்து, ஆற்றில் புதுவெள்ளம் வருங்கால் அதனை எதிர்த்து ஏறி, நன்னீரில் முட்டையிடுவது அதன் இயல்பு. ஷத்துல் அரபிலும் கங்கையிலும் ஏறுவது போலவே காவிரியிலும் கொள்ளிடத்திலும் அது ஏறி வந்தது.

1836-இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தில் எழுப்பிய அணைகள் உழவர்க்கு வாழ்வளித்தன; உல்லத்துக்கோ வழியை மறித்தன. இவ்விழப்பை அக்காலத்தவர் உணராமல் இல்லை. பிரடெரிக் நிக்கல்சன் முயற்சியால் 1907-இல் சென்னை மாகாணத்தில் மீன்துறை தோன்றியது. 1909-ஐ ஒட்டி, உல்லத்தின் முட்டைகளைக் கொள்ளிடக் கரையிலேயே செயற்கையாகப் பொரிக்கச் செய்யும் முயற்சி நடந்தது. ஆயினும், 1934-இல் நம் சேலம் மாவட்டத்து மேட்டூரில் அணை எழுந்து வெள்ளத்தைத் தேக்கிய பின், காவிரியில் உல்லத்தின் வரவு பெரிதும் குன்றிற்று.

மேட்டூர் நீர்த்தேக்கத்தில் வடபுலத்துக் கட்லா வளர்க்கப்பட்டது. ஆனால் கட்லா, ரோகு முதலியன தேங்கிய குளத்து நீரில் தாமாக முட்டையிடுவதில்லை; ஓடும் வெள்ளம் வேண்டும். ஆகவே குஞ்சுகளை ஆறுகளிலிருந்தே பிடித்து வர வேண்டியிருந்தது. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில் ஹீராலால் சௌத்ரியும் அலிகுஞ்ஞியும் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசிவழிச் செலுத்தி அவற்றை முட்டையிடச் செய்தனர். இன்று ஊர்தோறும் மீன்குட்டைகள் இருப்பது அந்நாளின் பயனேயாகும்.

இவ்வெற்றி பெரிது. ஆனால் குட்டை நமக்கு உணவு தரலாம். ஆற்றுக்கு அதன் மீனைத் திருப்பித் தராது. குட்டையிலும் அளவுக்கு மிஞ்சி மீன்களை நெருக்கினால், விடியற்காலையில் அவை மூச்சுக்குத் தவித்து நீரின் மேல்மட்டத்தில் வாய் பிளந்து நிற்கும். வளர்க்கும் உயிருக்கு மூச்சுவிட இடமளிப்பதும் வளர்ப்பவன் கடமையன்றோ!

ஆத்தூரில் இருக்கும் நமக்குக் கடலோடு என்ன உறவு என்று சிலர் கேட்கலாம். நம் வசிட்ட நதி சுவேத நதியுடன் கூடி வெள்ளாறாகி, பரங்கிப்பேட்டையில் கடலை அடைகிறது. சேகோ ஆலைக் கழிவோ ஊர்ச் சாக்கடையோ, இங்கு ஆற்றில் விடுவது அவ்வழியேதான் செல்லும். ஆறு நம் உடைமையன்று. கரையில் வாழ்வோரும் நீரில் வாழ்வனவும் பங்குபெறும் அமானிதம். அணையை அகற்ற நம்மால் இயலாது. எஞ்சிய வழியைத் தூய்மையாகத் திறந்து வைக்க இயலும்.