கதிரையும் பந்தியும்

வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ தளபாடக் கடையொன்றினுள் நுழைந்து, சாப்பாட்டு மேசைக்குக் கதிரை வேண்டும் என்று கேட்டால் கடைக்காரர் வகைகளை அடுக்கத் தொடங்கிவிடுகிறார். கைபிடி உள்ளதா, இல்லாததா? முதுகு உயர்ந்ததா, தாழ்ந்ததா? பிரம்பு பின்னியதா, மெத்தை வைத்ததா? தேக்கா, முதிரையா? விலையையும் அழகையும் கணக்கிட்டு நாமும் ஒன்றைத் தெரிந்தெடுத்துக்கொள்கிறோம். யார் முன்னிலையில் யார் அமரலாம், யாருடன் யார் உண்ணலாம் என்று சமுதாயம் வகுத்த கட்டளைகளும் அந்த மரத்திலே செதுக்கப்பட்டிருப்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

தமிழகத்தார் நாற்காலி என்பதை ஈழத்தில் நாம் கதிரை என்கிறோம். அது போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொல். மேசை, வாங்கு, அலுமாரி, விறாந்தை, குசினி எல்லாமே அவர்கள் வழி வந்தவைதாம். 1619இல் யாழ்ப்பாண அரசை வீழ்த்தியவர்கள் நமது வீட்டின் உட்புறத்துக்கும் பெயர் சூட்டிச் சென்றனர் போலும்! அதற்கு முன் நம்மவர்க்கு இருக்கை இல்லாமலில்லை. பாயும் தடுக்கும் மணைப்பலகையும் திண்ணையும் இருந்தன. குளத்துத் தாமரையிலையில் சோறிட்டு, தரையில் வரிசையாக அமர்ந்து உண்ணும் வழக்கம் வன்னிக்கு உரியது. எல்லோரும் தரையில் இருக்கையில் எவர்க்கும் இழிவில்லை. ஒருவன் உயரத்தில் அமர்ந்து மற்றவனைக் கீழே இருத்தும்போதுதான் இழிவு பிறக்கிறது.

இந்த ஏற்றத்தாழ்வை அந்நியர் மட்டுமே கொண்டுவந்தனர் என்று கூறித் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. 1660இல் கண்டியரசனிடம் சிறைப்பட்ட ஆங்கில மாலுமி ரொபேட் நொக்ஸ், 19 ஆண்டுகளுக்குப் பின் தப்பி, அருவியாற்றின் கரையோரமாக வன்னிக் காட்டின் விளிம்பைக் கடந்து அரிப்புக் கோட்டையை அடைந்தவர். 1681இல் வெளிவந்த அவரது நூல் கண்டி இராச்சியத்து வழக்கங்களை விவரிக்கிறது. முதுகு வைத்த ஆசனம் அங்கே அரசனுக்கு மட்டுமே உரியது. ஏனையோர்க்கு முதுகில்லாத முக்காலியே. நாவிதர் போன்றோர்க்கு அந்த முக்காலியும் மறுக்கப்பட்டிருந்தது. அவர்களோடு பிறர் உண்பதுமில்லை. ஆசனமும் போசனமும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருந்தன.

ஒல்லாந்தர் காலத்துக் கதிரைகளோ கண்ணைப் பறிப்பவை. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சோழமண்டலக் கரையிலும் இலங்கையிலும் நம் தச்சர்கள் கருங்காலியில் கடைந்த தாழ்முதுகுக் கதிரைகள் கடல் கடந்து சென்றன. முறுக்கிய கால்களும் பூவேலையும் கொண்ட அவ்வகையில் சிலவற்றை ஹொரஸ் வால்போல் என்ற ஆங்கிலக் கனவான், தம் நாட்டின் பழைய தியூடர் மன்னர் காலத்தவை என்று நம்பிச் சேகரித்து வைத்தார். பெயரறியாத் தச்சனின் உழைப்புக்குக் கிடைத்த வினோதமான பாராட்டு! அடுத்து வந்தது 'பர்கோமாஸ்டர்' கதிரை: வட்ட இருக்கை, அரைவட்ட முதுகு, ஆறு கால்கள், பிரம்புப் பின்னல். நம் வெப்பத்துக்குக் காற்றுப் புகும் பிரம்பைவிட ஏற்றது வேறில்லை. பின்னர் ஆங்கிலேயரின் வழியாக இன்றைய சாப்பாட்டு மேசைத் தொகுதி வந்தது. இருக்கை தரையிலிருந்து ஏறத்தாழ 18 அங்குலம், மேசை 30 அங்குலம். கைபிடியுள்ள கதிரை மேசையின் தலைமாட்டில் வீட்டுத் தலைவனுக்கு; கைபிடியற்றவை மற்றவர்களுக்கு. அரசனின் முதுகு எல்லார்க்கும் கிடைத்தபின், பெருமை கைபிடிக்கு இடம் மாறிக்கொண்டது.

வன்னிக் காடு முதிரையும் பாலையும் கருங்காலியும் நிறைந்தது. மஞ்சள் ஒளி வீசும் இலங்கை முதிரையை ஆங்கில நாட்டுத் தளபாடத் தச்சர்கள் விரும்பி வாங்கினர். மலேரியாக் காட்டினுள் மரம் தறித்தவன் அதில் அமர்ந்து உண்டானா?

கதிரைக்காகவே ஈழத் தமிழர் மத்தியில் ஒரு போராட்டம் நடந்தது. யாழ்ப்பாணப் பாடசாலைகளில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் தரையில் இருத்தப்பட்டனர். அரசின் உதவி பெறும் பாடசாலைகளில் சம ஆசனம் வேண்டுமென்ற பணிப்பு வந்தபோது, 1929, 1930 ஆண்டுகளில் எதிர்ப்புக் கிளம்பியது, பாடசாலைகள் தீயிடப்பட்டன. வாங்கில் ஒரு குழந்தை அமர்வதைக் காட்டிலும் பாடசாலை எரிவதே மேல் என்று கருதியோர் கல்விமான்கள் நிறைந்த சமூகத்திலேதான் இருந்தனர். ஹன்டி பேரின்பநாயகத்தின் தலைமையில் எழுந்த வாலிபர் காங்கிரஸ் அந்தக் கொடுமைக்கு எதிராக நின்றது. தேநீர்க் கடைகளில் வாங்கும் குவளையும் பிரித்து வைக்கப்பட்ட வழக்கம் அதற்குப் பின்னும் நீடித்தது. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் அதைக் குற்றமாக்கியது.

குடாநாட்டிலிருந்து வன்னிக் குடியேற்றங்களுக்கு வந்தோர் காணிப் பத்திரத்துடன் இப்பழக்கங்களையும் மூட்டை கட்டி வந்தனர். 1977இலும் 1983இலும் இனவன்முறைக்குத் தப்பி வந்து வயற்கூலிகளான மலையகத் தமிழர்க்குப் பல வீடுகளில் கிடைத்த இடம் வாசற்குந்து, விறாந்தைக் கதிரையல்ல.

பின்னர் போர் வந்தது. 2008, 2009இல் உழவு இயந்திரப் பெட்டிகளில் கதிரைகளும் ஏறின, வழிநெடுகக் கைவிடப்பட்டன. முதிரைக் கதிரை உடையவனும் இல்லாதவனும் மெனிக் பாம் முகாமில் ஒரே மண்ணில் அமர்ந்து, ஒரே வரிசையில் சோறு வாங்கினர். மீண்டு வந்த கிராமங்களில் இன்று பிளாஸ்டிக் கதிரையே ஆட்சி செய்கிறது. அழகற்றது, வெயிலில் வெடிப்பது. ஆயினும் செத்த வீட்டிலும் கலியாண வீட்டிலும் ஊர்ச் சங்கம் இறக்கும் நூறு கதிரைகளில் எது எவர்க்குரியதென்று அடையாளமில்லை. மேடையில் பிரமுகர்க்கென்று வெள்ளைத் துணி போர்த்த மெத்தைக் கதிரைகள் வந்து சேர்வது வேறு கதை.

புதிய கல்வீடுகளில் ஆறு கதிரைகளுடன் மேசை வந்துவிட்டது. போரிலே கணவனை இழந்து, வயல் செய்து, கடன் இறுத்து, அந்த மேசையையும் தன் உழைப்பால் வாங்கிய பெண்கள் வன்னியில் ஏராளம். அவ்வீடுகளுக்குச் செல்லும்போது தலைமாட்டுக் கைபிடிக் கதிரையை நமக்கு இழுத்துப் போடுகிறார்கள். நாம் இல்லாத நாட்களில் அதில் மூத்த மகன் அமர்கிறான். எல்லோரும் எழுந்த பின், வீட்டுக்காரி குசினியில் மணைப்பலகையில் குந்தியிருந்து சாப்பிடுகிறாள்.