மொபெட்டும் மார்கழிப் பனியும்

மொபெட் என்பது மிதிகட்டையும் சிறிய எஞ்சினும் கொண்ட இருசக்கர வாகனமாகும். மோட்டார், பெடல் என்னும் இரு சொற்கள் இணைந்து இப்பெயர் உண்டானது. இந்தியாவில் இருவர் செல்லத்தக்க முதல் மொபெட்டான டிவிஎஸ் 50, 1980ஆம் ஆண்டில் ஓசூரிலிருந்து விற்பனைக்கு வந்தது.

திண்டுக்கல்–நத்தம் சாலையிலுள்ள சாணார்பட்டி போன்ற ஊர்களில் பாலும் காய்கறியும் விடியுமுன் இவ்வண்டியில் ஏறின. மார்கழி, தை மாதங்களில் இப்பயணம் கடினமானது. வண்டி விரைந்து செல்லும்போது எதிர்க்காற்று உடலின் வெப்பத்தைக் கவர்ந்துவிடும். எனவே, காதோடு சேர்த்துத் தலையில் துண்டு கட்டிக்கொள்வதும், சட்டைக்குள் நெஞ்சோடு செய்தித்தாளை வைத்துக்கொள்வதும் வழக்கமாயின. காகிதம் காற்றைத் தடுத்துச் சூட்டைக் காக்கும்.

குளிரைவிடப் பெரிய ஆபத்து பனிமூட்டமே. பழைய மொபெட்டுகளின் முகப்பு விளக்கு, எஞ்சின் சுழற்சியால் உண்டாகும் மின்சாரத்தில் நேரடியாக எரிந்தது. வேகத்தைக் குறைத்தால் வெளிச்சமும் குறையும். மூட்டத்தில் மெதுவாகச் சென்றவருக்குப் பாதையும் தெரியவில்லை. எதிரே வந்தவருக்கு அவரும் தெரியவில்லை.

தலைக்கவசம் அணிவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு வலியுறுத்துகிறது. எனினும், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவையடுத்து 2015 ஜூலை 1 முதல்தான் தமிழ்நாட்டில் அது கண்டிப்புடன் நடைமுறைக்கு வந்தது. அதுவரை பலருக்குத் துண்டே கவசம். துண்டு குளிரைத் தடுத்தது. கீழே விழுந்தபோது தலையைக் காக்கவில்லை. தலைக்கவசம் இரண்டையும் செய்யும். உள்ளே மெல்லிய துணி போதும். தடித்த துண்டின்மேல் அணிந்தால் கவசம் சரியாகப் பொருந்தாது. தாடைப்பட்டையை மாட்டுவதும் அவசியம்.