கழிவுநீரின் கணக்கை யார் எழுதுவது?

குடிநீர்த் திட்டமொன்று ஆரம்பித்து வைக்கப்படும்போது அமைச்சர்கள் வருகின்றனர்; நாடா வெட்டப்படுகின்றது; பெயர்ப்பலகை திரைநீக்கம் செய்யப்படுகின்றது. அந்த நீர் வீடுகளில் பயன்படுத்தப்பட்ட பின்னர் எங்கே போகின்றது என்பதற்கு விழா எடுப்பார் எவருமில்லை. வவுனியா நகரையும் அதனைச் சூழ்ந்துள்ள நெளுக்குளம், பம்பைமடு, சாளம்பைக்குளம் முதலிய கிராமங்களையும் பொறுத்தவரை இந்த வினா இனியும் தள்ளிப்போட முடியாததொன்றாகிவிட்டது.

ஆசிய அபிவிருத்தி வங்கி 2008 ஆம் ஆண்டில் அங்கீகரித்த உலர்வலய நகர நீர்வழங்கல், சுகாதாரத் திட்டத்தில் வவுனியா, மன்னார், புத்தளம், சிலாபம் ஆகிய நான்கு நகரங்கள் உள்ளடக்கப்பட்டன. வவுனியாவுக்கு நீர் வழங்குவதற்கெனப் பேராற்றில் நீர்த்தேக்கம் அமைக்கப்பட்டது இத்திட்டத்தின் கீழேயே ஆகும். குழாய்நீர் ஒரு வீட்டினுள் நுழைந்தால் அதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு கழிவுநீராக வெளியேறும் என்பது பொறியியலாளர்கள் பொதுவாகக் கைக்கொள்ளும் கணக்கு. கிணற்றில் வாளியால் அள்ளிக் குளித்த காலத்துக் கழிவும், குழாயைத் திறந்து குளிக்கும் காலத்துக் கழிவும் ஒன்றல்ல. நீர் வரும் குழாய்க்குத் திட்டமிட்ட அதே கையால், நீர் போகும் வழிக்கும் திட்டமிட்டிருக்க வேண்டும்.

வவுனியாவில் வீடுகளையும் கடைகளையும் இணைக்கும் நகரளாவிய கழிவுநீர்க் குழாய்த் தொகுதி கிடையாது. ஒவ்வொரு வளவிலும் ஒரு மலக்குழி. அது நிரம்பினால் ஒரு பவுசர். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கற் பாறையைப் போல் இங்குள்ள நிலத்தடி அமைப்பு குகைகளும் வெடிப்புகளும் நிறைந்ததன்று. கடும்பாறையின் மேல் சிதைவுற்ற மண்படை ஒன்று இருக்கின்றது. எமது கிணறுகளுக்கு ஊறிவரும் நீர் அந்தப் படையிலேதான் தேங்கி நிற்கின்றது. மலக்குழியிலிருந்து கசிவதும் அதே படைக்குள்ளேதான் இறங்குகின்றது. மேலும், வன்னிக் குளங்கள் தொடராக அமைந்தவை. ஒரு குளம் வான்பாய்ந்தால் அந்த நீர் அடுத்த குளத்துக்குச் செல்லும். நகரின் வாய்க்காலில் விடப்படுவது நகருடன் நின்றுவிடுவதில்லை என்பதை எமது கமக்காரருக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

கழிவு முகாமை இன்றி மக்கள் நெருங்கி வாழ நேர்ந்தால் என்ன நடக்கும் என்பதையும் இம்மாவட்டம் அறியும். 2009 இல் யுத்தத்தின் இறுதிக் கட்டத்தில் இடம்பெயர்ந்து வந்த மக்கள் நெளுக்குளம் உட்பட வவுனியாவின் பல இடங்களில் பாடசாலைக் கட்டடங்களிலும், செட்டிக்குளம் மெனிக் பாம் முகாமிலும் தங்கவைக்கப்பட்டனர். இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அவ்வாறு அடைபட்டிருந்த வேளையில், அவ்வாண்டு ஓகஸ்ட் மாத நடுப்பகுதியில் பெய்த மழையில் மெனிக் பாமில் மலசலகூடக் குழிகள் பெருக்கெடுத்துக் கூடாரங்களுக்குள் புகுந்தன. அது பருவமழைகூட அன்று.

சுத்திகரிப்பு என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகக் கூறுவது பயன்தரும். கழிவுநீரிலுள்ள சேதனப் பொருட்களை நுண்ணுயிர்கள் உண்கின்றன. அவ்வாறு உண்பதற்கு ஒட்சிசன் தேவை. குளமொன்றில் இந்த வேலை நடந்தால் அங்குள்ள ஒட்சிசன் தீர்ந்து மீன் இறக்கும். சுத்திகரிப்பு நிலையத்தில் அதே வேலையை ஒரு தொட்டிக்குள் முடித்துவிட்டு நீரை வெளியே விடுகின்றோம். 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழான நியமங்களின்படி, உள்நாட்டு நீர்நிலைகளில் விடப்படும் நீரின் ஒட்சிசன் தேவை லீற்றருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டலாகாது. வீட்டுக் கழிவுநீரில் இது சில நூறுகளாக இருக்கும். பல ஆண்டுகள் மலக்குழியில் தேங்கிப் பின் பவுசரில் ஏற்றப்படும் கசட்டில் அது ஆயிரக்கணக்கில் இருக்கும். ஆதலால் ஒரு பவுசர் கசட்டைக் குளத்தோரத்தில் திறந்துவிடுவது பல பவுசர் சாதாரணக் கழிவுநீரைத் திறந்துவிடுவதற்குச் சமம்.

நிலையமொன்றைத் தரமுயர்த்துவது என்று பேசப்படும்போது பெரும்பாலும் அதன் கொள்ளளவே பேசப்படுகின்றது. வெளியேறும் நீரின் தரத்தை உயர்த்துவதும், அடியில் தங்கும் கசட்டைக் கையாள்வதும் அதே அளவு செலவுள்ளவை. இவற்றுள் கசடே பெரும்பாலும் மறக்கப்படுவது.

இனிப் பணத்துக்கு வருவோம். கொழும்பின் கழிவுநீர்க் குழாய்கள் ஆங்கிலேயர் காலத்தில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பதிக்கப்பட்டவை. முகத்துவாரத்திலும் வெள்ளவத்தையிலும் கடலுக்குள் விடும் முறை நெடுங்காலம் நீடித்தது. அத்தொகுதியைப் புனரமைக்க 2009 இல் ஆசிய அபிவிருத்தி வங்கி 10 கோடி டொலர் கடன் வழங்க இணங்கியது. கண்டிக்கு 2010 இல் ஜப்பான் சுமார் 1400 கோடி யென் கடன் வழங்க உடன்பட்டது. கன்னொறுவையில் நிலையம் எழுந்தது. அதே 2010 இல் அங்கீகரிக்கப்பட்ட யாழ்ப்பாணம் – கிளிநொச்சி நீர்வழங்கல், சுகாதாரத் திட்டத்தின் முதல் வரைபில் யாழ் மாநகருக்கான கழிவுநீர்த் தொகுதியும் இருந்தது. இரணைமடு நீர் குறித்த சர்ச்சை எழுந்தது, கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தனர், திட்டம் மாற்றப்பட்டது. தாளையடிக் கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் 2024 ஓகஸ்டில் திறந்துவைக்கப்பட்டது. கழிவுநீர்ப் பகுதியோ இடைவழியில் கைவிடப்பட்டது. குடிநீர் எப்படியோ வந்து சேர்ந்தது. கழிவுநீருக்கான பங்கு மாத்திரம் காணாமற் போனது. பணம் குறையும்போது முதலில் வெட்டப்படுவது எது என்பதற்கு வடக்கிலேயே உள்ள உதாரணம் இது.

கடனாவது கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அது கட்டுவதற்கான பணம். நடத்துவதற்கான பணம் வேறு. காற்றூட்டி இயங்கும் நிலையமொன்றின் மின்சாரச் செலவில் ஏறத்தாழ பாதி காற்றூட்டலுக்கே போகின்றது. இலங்கையில் மின்கட்டணம் சராசரியாக 2022 ஓகஸ்டில் 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் உயர்த்தப்பட்டதை எவரும் மறந்திருக்க முடியாது. அத்தகைய ஏற்றத்தைத் தாங்குவதற்கு ஒரு சிறு உள்ளூராட்சி மன்றத்தின் சோலைவரி வருமானம் போதாது. 2022 ஏப்ரல் 12 ஆம் திகதி வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை நாடு இடைநிறுத்திய பின்னர், திறைசேரி வந்து தூக்கிவிடும் என்று எதிர்பார்ப்பதும் பேதைமை. இந்நிலையில் மின்விசையைச் சார்ந்த பெருநிலையமொன்றை வவுனியாவுக்குக் கோருவது, வாங்கிய மறுவருடம் ஓட்ட முடியாத வாகனத்தைக் கேட்பதற்கு ஒப்பானது என்றே நாம் கருதுகின்றோம்.

இவ்விடத்தில் தமிழகத்தின் ஆலந்தூரை நினைவுகூர்வது பொருத்தம். சென்னை விமான நிலையத்துக்கு அண்மித்த அந்த நகரில் அப்போது சுமார் ஒன்றரை இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். அனைவரும் எம்மைப் போலவே மலக்குழியை நம்பியிருந்தனர். 1996 இல் நகர்மன்றத் தலைவராகத் தெரிவான ஆர்.எஸ்.பாரதியின் காலத்தில் கழிவுநீர்த் திட்டம் தொடங்கப்பட்டது. மொத்தச் செலவு சுமார் 34 கோடி இந்திய ரூபா. தமிழ்நாடு நகர்ப்புற மேம்பாட்டு நிதியம் உள்ளிட்ட அரச சார்பு நிறுவனங்கள் கடனும் மானியமும் வழங்கின. ஆனால் அத்திட்டத்தைப் பேசவைத்தது கடன் அன்று. ஒவ்வொரு வீட்டாரும் இணைப்புக்காக 5,000 ரூபாவை முன்கூட்டியே வைப்பிலிட்டனர். வர்த்தக நிலையங்களுக்கு 10,000. குழாய் ஒன்றுகூடப் பதிக்கப்படாத நிலையில், ஒரு நகர்மன்றத்தை நம்பி மக்கள் பணம் கொடுப்பதென்பது எமது நாட்டில் கற்பனை செய்யவும் கடினமானது. வீடு வீடாகச் சென்று விளக்கியதும், அப்பணத்தை மன்றத்தின் ஏனைய கணக்குகளோடு கலக்காமல் தனியாக வைத்ததுமே அந்த நம்பிக்கைக்குக் காரணங்கள். வீடுகளுக்கான மாதக் கட்டணம் 150 ரூபா என்ற அளவில் நிர்ணயிக்கப்பட்டது. பெருங்குடியில் அமைந்த சுத்திகரிப்பு நிலையத்தைத் தனியார் நிறுவனமொன்று தன் முதலீட்டில் கட்டி, நடத்தி, சுத்திகரித்த அளவுக்கேற்பப் பணம் பெற்றுப் பின்னர் ஒப்படைப்பதென ஒப்பந்தமாயிற்று. வருமானம் குறையுமிடத்து ஈடுசெய்ய மாநில அரசு இணங்கியது. 2003 இல் தொகுதி இயங்கத் தொடங்கியது. 2011 இல் ஆலந்தூர் சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது.

ஏழைக்கும் செல்வந்தருக்கும் ஒரே 5,000 என்பதில் குறை காண இடமுண்டு. அதை அப்படியே வவுனியாவில் நாட்ட வேண்டும் என்பது எமது கருத்தன்று. தனிக்கணக்கு என்ற ஒன்றையே அங்கிருந்து எடுத்துக்கொள்ள விரும்புகின்றோம்.

மாறான அனுபவம் மலேசியாவிலிருந்து கிடைக்கின்றது. 1990களின் நடுப்பகுதியில் நாட்டின் பெரும்பகுதிக் கழிவுநீர்ச் சேவை இண்டா வாட்டர் என்ற தனியார் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. கட்டணம் நீர்க்கட்டணத்துடன் சேராமல் தனிப் பட்டியலாக வந்தது. கண்ணுக்குத் தெரியாத சேவைக்கு ஏன் பணம் என்று மக்கள் பலர் செலுத்த மறுத்தனர். 2000 ஆம் ஆண்டில் அரசே அந்நிறுவனத்தைப் பொறுப்பேற்க நேர்ந்தது. எமது நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை அதன் நீர்ப்பட்டியலுடனேயே கழிவுக்கான சிறு தொகையையும் அறவிட்டு உள்ளூராட்சி மன்றத்தின் தனிக்கணக்கில் சேர்ப்பது அதைவிட எளிது.

வவுனியாவுக்கு இப்போது உகந்தது எது? பவுசர் கொண்டுவரும் கசட்டை மணற்படுக்கையில் உலர்த்தி, வடியும் நீரைத் தொடர்குட்டைகளில் வெயிலாலும் பாசியாலும் தூய்மையாக்கும் முறை, மின்சாரத்தை மிகச் சொற்பமாகவே வேண்டுவது. உலர்வலயத்து வெயில் எமக்கு இலவசம். ஆனால் அம்முறை நிலத்தை வேண்டுகின்றது. நிலம் நகரில் இல்லை, கிராமங்களில் உண்டு. சிக்கலும் அங்கேதான் தொடங்குகின்றது.

நகரத்தின் குப்பை பம்பைமடுவில் கொட்டப்படுவதை எதிர்த்துச் சாளம்பைக்குளம் மக்கள் 2019 இல் வீதிக்கு இறங்கினர். யுத்தத்தால் பெயர்ந்து, நீண்ட காலத்தின் பின் மீளக்குடியேறிய முஸ்லிம் மக்களின் கிராமம் அது. அதே பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழகமும் இருக்கின்றது. அந்த எதிர்ப்பை இன முரண்பாடாகச் சித்திரிக்க முனைந்தோர் இருக்கலாம். துர்நாற்றத்துக்கும் ஈக்கும் இனம் தெரியாது. நாளை கசட்டுக் குட்டைகள் நெளுக்குளத்துக்கு அருகில் வந்தாலும் தமிழ் மக்கள் அதே வீதியில்தான் நிற்பர். மலிவான தொழில்நுட்பம் என்று நாம் சொல்வதன் விலையில் ஒரு பகுதியை அயற்கிராமம் கொடுக்கின்றது என்பதே உண்மை. அந்த விலை எந்த வரவுசெலவுத் திட்டத்திலும் எழுதப்படுவதில்லை.

அதை எழுத வேண்டும் என்பதே எமது கோரிக்கை. இடத்தை வழங்கும் கிராமத்துக்கு, கொட்டப்படும் ஒவ்வொரு பவுசருக்கும் ஒரு குறித்த தொகை அதன் பிரதேச சபையூடாகச் சேரட்டும். அதைக் கொண்டு அங்குள்ள கிணறுகளின் நீர் ஒழுங்காகப் பரிசோதிக்கப்பட்டு, முடிவுகள் பள்ளிவாசலிலும் கோவிலிலும் தமிழில் ஒட்டப்படட்டும். பவுசர்காரருக்கு வீட்டுவாசலில் முழுப்பணத்தையும் கொடுத்துவிட்டால், தொலைவிலுள்ள நிலையத்துக்கு ஓடி டீசலை வீணாக்க அவருக்கு என்ன தேவை? காட்டோரம் அண்மையில் இருக்கின்றது. கட்டணத்தில் ஒரு பகுதியை நிலைய வாசலில் கொட்டிய பின் கொடுக்கும் ஏற்பாடு இருந்தால் அவர் வழிதவறமாட்டார்.

முதலீட்டுக்கு வெளிநாட்டு வங்கிகள் மாத்திரமே வழியல்ல. 1916 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் வழிவந்த உள்ளூர்க் கடன் அபிவிருத்தி நிதியம், உள்ளூராட்சி மன்றங்களுக்குக் கடன் கொடுப்பதற்கென்றே உள்ளது. பொதுச் சுகாதாரம் பிரதேச சபைகளின் கடமை என்று 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டம் சொல்கின்றது. மன்றங்கள் இணைந்து விண்ணப்பிப்பதற்கு வேண்டியது மனம்.

சுத்திகரித்த நீரின் பயன் பற்றியும் ஒரு வார்த்தை. சென்னையில் மணலித் தொழிற்சாலைகள் 1990களிலிருந்தே சுத்திகரித்த கழிவுநீரை விலைக்கு வாங்குகின்றன. கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் நாளொன்றுக்கு தலா 4.5 கோடி லீற்றரை மேலும் தூய்மையாக்கித் தொழிற்சாலைகளுக்கு விற்கும் நிலையங்கள் பின்னர் அமைந்தன. இத்தகைய நீர் தூய்மையானதா என்ற ஐயம் எமது முஸ்லிம் வாசகர்களுக்கு எழுவது இயல்பு. சவூதி அரேபியாவின் மூத்த உலமாக்கள் சபை 1978 இல் இதனை ஆராய்ந்து, நிறமும் மணமும் சுவையும் நீங்குமளவு முற்றாகச் சுத்திகரிக்கப்பட்டு உடல்நலத்துக்குத் தீங்கற்றதாயின் அந்நீர் தூய்மையானதே என்று தீர்ப்பளித்தது. குட்டை முறையில் வடியும் நீர் அந்தத் தரத்தை எட்டாது. தென்னைக்கும் வேலியோர மரங்களுக்கும் அது போதும். மரக்கறித் தோட்டத்துக்கு ஆகாது என்பதை இப்போதே கூறிவைப்பது நல்லது.

2023 மார்ச்சில் உள்ளூராட்சி மன்றங்களின் காலம் முடிந்த பின் ஈராண்டுகளுக்கு மேல் எமது பகுதியில் கேள்வி கேட்கவோ பதில் சொல்லவோ தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர் இருக்கவில்லை. 2025 மே மாதத் தேர்தலின் பின் வவுனியா மாநகர சபைக்கும் அயற்பிரதேச சபைகளுக்கும் உறுப்பினர்கள் கிடைத்துள்ளனர். ஆண்டின் இறுதியில் அவர்கள் அடுத்த வருடத்துக்கான வரவுசெலவுத் திட்டத்தைக் கையில் எடுக்கும்போது, பவுசர் சேவையின் வரவும் செலவும் தனித் தலைப்பில் காட்டப்பட்டுள்ளதா என்று பார்க்கட்டும். இல்லையெனில், அந்தத் தலைப்பைச் சேர்க்குமாறு கோரும் முதற் பிரேரணையைச் சாளம்பைக்குளத்து உறுப்பினரும் நெளுக்குளத்து உறுப்பினரும் சேர்ந்தே கொண்டுவரலாம்.