அகநோக்கி மதிப்பெண்ணும் குடற்காசமும்: வடசென்னைச் சூழலில் ஒரு வரலாற்று நோக்கு

இராயபுரத்தை அடுத்த ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குக் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றொரு பெயர் மக்கள் வழக்கில் உண்டு. 1782ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி வார்க்கத் தோன்றிய மணியக்காரர் சத்திரமே அதன் வேர். மருத்துவக் கல்லூரியாக அது உயர்ந்தது 1938இல். துறைமுகத்தையும் ஆலைகளையும் நம்பி வாழ்வோர் நாடிவரும் இத்தகைய இடத்தில், மேலைநாடுகளில் பிறந்த குடல் அழற்சி மதிப்பெண் முறைகள் எதிர்கொள்ளும் முதற்கேள்வி வேறு.

அம்முறைகள் கண்ணின் மீதான ஐயத்தில் தோன்றியவை. 1964இல் பேரன், கானல், லெனார்ட் ஜோன்ஸ் ஆகிய மூவரும் ஒரே மலக்குடலைப் பல மருத்துவர் பார்த்து எழுதிய விவரிப்புகளை ஒப்பிட்டனர். சிவப்பு, வீக்கம் போன்ற சொற்களில் கருத்து பிளவுபட்டது. இரத்தக் கசிவில் மட்டும் பெரிதும் ஒன்றுபட்டது. ஆகவே கசிவையே அடிப்படையாக்கித் தரம் பிரித்தனர். பெருங்குடல் புண் அழற்சிக்கு இன்று பரவலாக வழங்கும் மேயோ மதிப்பெண் (1987), இயல்பான உட்சவ்வுக்கு 0, தானே கசியும் இரத்தத்துக்கும் புண்ணுக்கும் 3 எனத் தருகிறது. குரோன் நோய்க்கு 2004இல் வந்த எளிய மதிப்பெண், குடலை ஐந்து பகுதிகளாக்கிப் புண்ணின் அளவு, புண் பரப்பு, பாதிப்புற்ற பரப்பு, குறுக்கம் என்னும் நான்கையும் 0 முதல் 3 வரை அளக்கிறது.

இவையனைத்தும் நோய் இன்னதென்று முன்னரே தெரியும் என்ற எடுகோளின் மேல் நிற்பவை. காசநோய் மிகுந்த நாட்டில் அந்த எடுகோள் நிலைப்பதில்லை. குடற்காசமும் குரோன் நோயும் சிறுகுடலும் பெருங்குடலும் கூடுமிடத்தையே விரும்பித் தாக்குகின்றன. இரண்டிலும் புண், குறுக்கம், எடையிழப்பு உண்டு. காசத்தைக் குரோன் எனக் கொண்டு ஸ்டீராய்டு கொடுத்தால் கிருமி பரவும். குரோனைக் காசமென்று கொண்டால் மாதங்கள் வீணாகிக் குடல் குறுகும். எண் எவ்வளவு துல்லியமாயினும் இப்பிழையைத் தடுக்காது.

எனவே ஆசியாவில் 'எவ்வளவு' என்பதற்கு முன் 'எது' என்று கேட்கும் மதிப்பெண்கள் எழுந்தன. 2006இல் கொரிய மருத்துவர்கள், நீளவாட்டுப் புண்ணும் கூழாங்கல் தோற்றமும் குரோனுக்கும், குறுக்குவாட்டுப் புண்ணும் வாய்பிளந்த குடல் தடுக்கிதழும் காசத்துக்கும் சான்று எனக் கணக்கிட்டனர். 2010இல் புதுதில்லி எய்ம்ஸ் அமைத்த அளவுகோலின் நான்கு கூறுகளுள் சிக்மாய்டு குடலின் பாதிப்பு ஒன்றே அகநோக்கியிற் காண்பது. எடையிழப்பும் மலத்தில் இரத்தமும் நோயாளியைக் கேட்டறிபவை, எஞ்சிய ஒன்று திசு ஆய்வில் கிடைப்பது. கருவியைவிட உரையாடலுக்கு இடமளித்த இவ்வமைப்பே, கூட்டம் நெரியும் அரசு மருத்துவமனைக்கு ஏற்றது எனலாம்.

ஐயம் தீராதபோது காசநோய் மருந்தே சோதனையாகிறது. வயிற்றுக் காசத்துக்கு ஆறுமாதச் சிகிச்சை பன்னிரண்டு மாதச் சிகிச்சைக்கு ஈடானது என்று சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தின் ஆய்வு 1997இல் காட்டியிருந்தது. மருந்து தொடங்கிய சில மாதங்களில் குரோன் நோயாளிக்கும் வலி தணிவதுண்டு. ஆனால் புண் பெரும்பாலும் ஆறுவதில்லை. அதனால் மீண்டும் அகநோக்கி செலுத்தி, முன்பு பதிந்த புண்கள் ஆறினவா என்று ஒப்பிடுகின்றனர்.