சித்தூரில் முதல் பைக்

சித்தூரை மேப்பில் வைத்துப் பாருங்கள். கிழக்கே மெட்ராஸ், 1955-ல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா கம்பெனி திருவொற்றியூரில் புல்லட் செய்த ஊர். மேற்கே போனால் மைசூர், 1960-களில் ஜாவா வந்த இடம். நடுவழியில் ஓசூர், 1980-ல் டி.வி.எஸ். 50. சுற்றிலும் வண்டி செய்கிற ஊர்களாக இருந்தும், அந்தக் காலத்தில் முதல் வண்டி வாங்கப் போனவருக்கு எதை வாங்கலாம் என்ற குழப்பமே கிடையாது. புல்லட், ஜாவா (பிறகு அதுவே யெஸ்டி), வடக்கே எஸ்கார்ட்ஸ் செய்த ராஜ்தூத். எது கிடைக்கிறதோ அது.

கஷ்டம் வாங்கிய பிறகுதான். பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பின் பிரேக் இடது காலில். ஜாவாவில் இது நேர்மாறு, போதாக்குறைக்கு கியர் லீவரையே திருப்பிப் போட்டு கிக்கர் ஆக்கி உதைக்க வேண்டும். ஒன்றில் பழகியவர் மற்றதில் ஏறினால், அவசரத்தில் பிரேக் என்று நினைத்து கியரை மிதிப்பார். ஜாவாவும் ராஜ்தூத்தும் டூ ஸ்ட்ரோக் என்பதால் பங்க்கில் பெட்ரோலோடு ஆயிலும் கலந்து ஊற்றணும். பிளக்கில் கரி பிடித்தால் நடுரோட்டில் கழற்றித் துடைக்கணும். வண்டி ஓட்டுகிறவர் பாதி மெக்கானிக்!

1985-ல் இந்தக் கதை மாறியது. ஜப்பான் கூட்டோடு 100 சிசி வண்டிகள் வந்தன. யமஹா ஆர்.எக்ஸ். 100 பற்றி இன்றும் பெருமூச்சு விடுகிறவர்கள் நிறைய பேர். சும்மா சொல்லக்கூடாது, பறக்கும். ஆனால் என்னைக் கேட்டால் புதிதாகப் பழகுகிறவனுக்கு வழி திறந்தது ஹீரோ ஹோண்டா சி.டி. 100 தான். ஃபோர் ஸ்ட்ரோக், ஆயில் கலக்கத் தேவையில்லை, எடை கம்மி, மைலேஜ் நிறைய. வாத்தியாரும் பால்காரரும் பயமில்லாமல் பைக் ஏறினார்கள்.

திருப்பதிப் பக்கத்தில் இன்னொரு பரீட்சையும் உண்டு. 1944-ல் திறந்த முதல் மலைப்பாதை இப்போது இறங்குவதற்கு, 1970-களில் போட்ட இரண்டாவது பாதை ஏறுவதற்கு. ஏறுவதை விட இறங்குவதுதான் கஷ்டம். பிரேக்கை விடாமல் மிதித்தபடியே வந்தால் டிரம் சூடாகி பிடிப்பு குறையும். கியரைக் குறைத்து, எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்க விடணும். அந்த இழுப்பு டூ ஸ்ட்ரோக்கில் குறைவு, ஃபோர் ஸ்ட்ரோக்கில் நன்றாகவே தெரியும். நியூட்ரலில் விட்டு பெட்ரோல் மிச்சம் பிடிக்கும் புத்திசாலிகள் எல்லாக் காலத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் பின்னால் போகாதீர்கள்.

இப்போது அந்த ஹீரோ நம் பக்கமே வந்துவிட்டது. சத்தியவேடு அருகே பெரிய தொழிற்சாலை. 2022 ஏப்ரல் வரை அது சித்தூர் மாவட்டம், அதன் பிறகு திருப்பதி மாவட்டம். விடா என்ற எலக்ட்ரிக் ஸ்கூட்டரும் 2022-ல் அங்கிருந்துதான் வந்தது.

இந்தப் பழங்கதையெல்லாம் எதற்கு என்றால், இங்கே இருக்கும் நம்மில் பலருக்கு ஊரிலிருந்து ஒரு போன் வரும். எனக்கும் வந்தது. அக்கா மகனுக்கு 18 ஆகிவிட்டது, கிளாசிக் 350 வேண்டுமாம். "மாமா, நீங்க பாதி போட்டா போதும்." வண்டி 195 கிலோ. இவன் 55. ஸ்ப்ளெண்டர் சுமார் 112 கிலோதான். டாலரில் கணக்குப் போட்டால் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது, அதுதான் ஆபத்து. முன்பு காசில்லாததாலேயே சின்ன வண்டியில் பழகினோம்.

அவனிடம் நான் சொன்னது இதுதான்: உட்கார்ந்தால் இரண்டு காலும் தரையில் முழுசாக ஊன்றணும். சாய்ந்தால் நீயே நிமிர்த்தணும். 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேலான புது வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம், 125 வரை சி.பி.எஸ்.ஸாவது இருக்கணும். அதற்கு முந்தைய செகண்ட் ஹாண்ட் என்றால் பார்த்து வாங்கு. ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஹெல்மெட்டுக்கு மட்டும் முழுப் பணமும் நான் தருகிறேன்.

கோபம்தான். எல்.எல்.ஆர். எடுத்துவிட்டான், 30 நாள் கழித்துத்தான் லைசென்ஸ் டெஸ்ட். அதுவரை அவன் அப்பாவின் பழைய ஸ்ப்ளெண்டரில் காலையில் காணிப்பாக்கம் வரை போய் வருகிறானாம், பின்னால் அப்பா உட்கார்ந்திருக்க.