சோயா விதைக்குள் ஒரு முகவரி தேடிய கதை



என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பெண் ஒருத்தி இப்போது வேளாண் கல்லூரியில் இருக்கிறாள். போன வாரம் போனில் கேட்டாள்: "சார், முன்னோர்கள் நல்ல விதையாகப் பொறுக்கி வைத்ததால்தான் பயிர்கள் மேம்பட்டன என்று சொல்லிக்கொடுத்தீர்களே, சோயாவுக்கும் அது சரியா?" எனக்குப் பதில் தெரியவில்லை. ஆசிரியர் பயிற்சி டிப்ளமோவோடு நின்றவன் நான். நாலு நாள் உட்கார்ந்து படித்தேன்.

சோயா விதையில் ஏறக்குறைய 40 சதவீதம் புரதம், 20 சதவீதம் எண்ணெய். எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் மாவில் செய்வதுதான் நம் வீட்டு மீல் மேக்கர். சீனா, கொரியா, ஜப்பான் பக்கம் காட்டில் படரும் கொடி ஒன்று உண்டு. சோயாவின் மூதாதை அதுதான். பொடிப்பொடியான கறுப்பு விதை. பார்த்தால் களை என்று பிடுங்கிப் போடுவோம். ஆனால் புரதம் அதில்தான் கூடுதல்.

1992-ல் அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பிரையன் டையர்ஸும் உடனிருந்தவர்களும் காட்டுக்கொடியையும் பயிர்ச் சோயாவையும் ஒட்டுச் சேர்த்து, அதன் சந்ததியில் 60 வழிகளை ஆராய்ந்தார்கள். டிஎன்ஏ நெடுக மைல்கல் மாதிரி சில அடையாளங்கள் உண்டு. ஒவ்வொரு மைல்கல்லிலும் இருப்பது காட்டின் துண்டா, வயலின் துண்டா என்று குறித்துக்கொண்டு, விதையின் புரதத்தையும் அளந்தார்கள். ஓரிடத்தில் காட்டுத் துண்டு இருந்த வழிகளில் புரதம் தெளிவாகக் கூடியிருந்தது. அந்த இடம் இருப்பது 20-ஆம் குரோமோசோமில் என்று பின்னால் தெரிந்தது.

முகவரி கிடைத்துவிட்டதா? இல்லை. சேலத்துக்கும் ஈரோட்டுக்கும் நடுவே எங்கோ ஒரு வீடு என்பதுபோலத்தான். 2006-ல் எல்லையைக் குறுக்கினார்கள். கூடவே ஒரு சங்கடமும் தெரிந்தது: அந்தக் காட்டுத் துண்டு வந்தால் எண்ணெயும் குறைகிறது, விளைச்சலும் குறைகிறது. எடைக்குக் காசு வாங்கும் விவசாயி இதற்குச் சம்மதிப்பாரா? என் அப்பாவாக இருந்தால் மூட்டையைத் திருப்பி அனுப்பியிருப்பார்!

2010-ல் சோயாவின் மரபணுத் தொகுதி முழுவதும் வெளியானது. அதற்கும் பிறகு 2022-ல்தான் வீட்டு வாசலுக்கே போய்ச் சேர்ந்தார்கள். அந்தக் குழுவிலும் டையர்ஸ் இருந்தார், முப்பது வருஷம் கழித்து! ஒரு மரபணுவுக்குள் 321 எழுத்து நீளத்தில் ஒரு தாவும் துண்டு வந்து நுழைந்திருக்கிறது. இன்று பயிராகும் சோயாவில் பெரும்பாலானவற்றில் அது இருக்கிறது. புரதம் கூடிய காட்டுக்கொடியில் இல்லை.

ஆகவே அம்மா, அன்று நான் சொன்னது பாதிதான் சரி. பருத்த விதையும் நிமிர்ந்து நிற்கும் செடியும் கண்ணுக்குத் தெரியும், பொறுக்க முடியும். புரதத்தை எந்தக் கண்ணால் பார்ப்பது? அது கைநழுவியது யாருக்கும் தெரிந்திருக்காது.

உன் கல்லூரியில் அந்தக் காட்டு விதை இருக்கிறதா என்று விசாரித்துச் சொல். ஒருமுறை உள்ளங்கையில் வைத்துப் பார்க்க ஆசையாக இருக்கிறது.